அலைகளை ஒன்றுசேர்த்து அனுப்பும் கலை



அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானை அடுத்துள்ள முத்தையன்கட்டுக் குளத்தின் கட்டு வழியே நடந்துகொண்டிருந்தேன். குளக்கட்டின் மேட்டில் ஓர் அம்மையார் கைத்தொலைபேசியைக் காதோடு அணைத்தபடி நின்றார். வெளிநாட்டிலிருக்கும் மகனுடன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, “ஏன் அம்மா, இவ்வளவு தூரம் நடந்து வந்து இங்கே நின்று பேசுகிறீர்கள்?” என்று கேட்டேன். “வீட்டுக்குள்ள நிண்டால் பிள்ளையின்ர குரல் விட்டு விட்டுத்தான் கேக்குது, தம்பி. இந்தக் கட்டில ஏறினால்தான் அவன் சொல்லுறது விளங்குது. கோபுரம் கண்ணுக்குத் தெரியுது. கதைதான் வந்து சேருதில்லை. அது ஏன்?” என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

அன்று நான் அவருக்கு ஏதோ ஒரு விடை சொன்னேன். ஆனால் அது நிறைவான விடையன்று என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தேன். அந்தக் கேள்விக்குள் இக்காலத் தொடர்பியல் விஞ்ஞானத்தின் மிக நுட்பமான பகுதியொன்று அடங்கிக் கிடக்கிறது. அந்த நுட்பத்தை இயன்றவரை எளிமையாக எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கோபுரம் தெரிகிறது, குரல் வரவில்லை என்றால், கோபுரத்துக்கு வலுப் போதாது, இன்னும் கூடிய மின்வலுவைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றே நம்மிற் பலர் எண்ணுவோம். குறை வலுவில் அன்று; வலு போகும் திசையிலே உள்ளது. முற்றத்தில் தொங்கும் அரிக்கன் லாந்தரைப் பாருங்கள். அது நாலா பக்கமும் ஒளியைச் சிந்துகிறது. படலையடியில் நிற்பவர் முகத்தில் விழுவது அவ்வொளியின் மிகச் சிறிய பங்கே. அதே ஒளியை ஒரு ரோச் விளக்கின் குழிந்த ஆடியில் வைத்தால் முகம் பளிச்சென்று தெரியும். எண்ணெய் கூடவில்லை, ஒளி ஒரு வழியிற் செலுத்தப்பட்டது, அவ்வளவே. பழைய கோபுரம் லாந்தரைப் போன்றது. அதை ரோச் விளக்காக்க வேண்டும். அதுவும், கையால் திருப்பாமல், ஆளுக்கு ஆள் ஒளிக்கதிர் தானே திரும்பும் ரோச் விளக்காக்க வேண்டும். இது எவ்வாறு இயலும்?

முல்லைத்தீவுக் கடற்கரையிற் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் விடை பாதி தெரியும். நீண்ட கயிற்றைப் பலர் பற்றி நிற்பார்கள். ஒவ்வொருவரும் தத்தமக்கு வசதியான நேரத்தில் இழுத்தால் வலை அசையாது. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தளர்வார். அம்பாப் பாட்டின் தாளத்துக்கு எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்தால், அதே ஆட்களின் அதே பலம் வலையைக் கரைக்குக் கொண்டுவந்துவிடும். அலைகளும் அப்படியே. இரண்டு அலைகளின் மேடுகள் ஓரிடத்தில் ஒருங்கே வந்து சேர்ந்தால் அலை உயரும். ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்தால் அங்கே அலையே இல்லாமற் போகும். குளத்தில் இரண்டு கற்களை அருகருகே எறிந்து பார்க்கும் சிறுவன் இதனைத் தன் கண்ணாற் காண்கிறான். இதற்குத் தலையீடு என்று பௌதிக நூல்கள் பெயர் சொல்லும்.

எனவே ஒரு கோபுரத்தில் ஓர் உணர்கொம்புக்குப் பதிலாக, அதாவது அன்ரனாவுக்குப் பதிலாக, பல உணர்கொம்புகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் புறப்படும் அலையைச் சற்று முந்தியோ பிந்தியோ அனுப்பினால், நாம் விரும்பும் இடத்தில் எல்லா மேடுகளும் ஒன்றுசேரும்படி செய்துவிடலாம். உணர்கொம்புகள் அசைவதில்லை, அலைக்கதிர் திரும்புகிறது. 64 உணர்கொம்புகளுக்கு, முன்பு ஒன்றுக்குக் கொடுத்த அதே மொத்த வலுவைப் பங்கிட்டுக் கொடுத்தாலும், குறித்த திசையிற் கேட்பவருக்குக் கிடைக்கும் வலு 64 மடங்காகும். புதிதாக வலு பிறந்துவிடவில்லை. வேறு திசைகளில் வீணாகிய வலு இத்திசையில் வந்து சேர்ந்தது.

இந்த எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. மார்க்கோனியுடன் 1909 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜேர்மனிய அறிஞர் பேர்டினண்ட் பிரவுண், 1905 ஆம் ஆண்டிலேயே மூன்று உணர்கொம்புகளைக் கொண்டு அலையை ஒரு திசைக்குத் திருப்பிக் காட்டினார். பின்னர், கடல் கடந்து ஒலிபரப்பிய சிற்றலை வானொலி நிலையங்கள், உயர்ந்த கம்பங்களுக்கிடையே உணர்கொம்புகளைத் திரைச்சீலை போலத் தொங்கவிட்டு, தாம் விரும்பிய நாட்டை நோக்கி ஒலியைச் செலுத்தின. போர்க்கால வன்னியில் மின்சாரமின்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவிற் பிறந்த மின்னோட்டத்தில் வானொலி கேட்ட நேயர்கள் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அன்று அவர்கள் காதுக்கு எட்டிய தூரதேசத்துத் தமிழ்க் குரல்கள் பலவும் இத்தகைய திரைகளிலிருந்து புறப்பட்டவையே.

ஆனால் வானொலித் திரை ஒரு நாட்டை நோக்கினாற் போதும். தொலைபேசிக் கோபுரமோ ஒரு மனிதரை நோக்க வேண்டும். அவர் குளக்கட்டில் நிற்பார். அடுத்த கணம் துவிச்சக்கர வண்டியில் ஏறிப் போவார். அவருக்கும் கோபுரத்துக்கும் இடையே பாலையும் வீரையும் முதிரையும் நிறைந்த காடு இருக்கும். அலை நேராக வருவதோடு, குளத்து நீரிற் பட்டும் கூரைத் தகரத்திற் பட்டும் தெறித்து வேறு வழிகளாலும் வந்து சேரும். வழிகள் வேறானால் நீளமும் வேறு. ஆகவே சிலவிடத்து அவை ஒன்றையொன்று வளர்க்கும்; சிலவிடத்து ஒன்றையொன்று அழிக்கும். 900 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் இயங்கும் தொலைபேசி அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர். அதனால், ஒரு சாண் தள்ளி நின்றாலே குரல் தெளிவதும் மங்குவதும் உண்டு. அந்த அம்மையார் வீட்டைவிட்டு வெளியே வந்து, மேட்டில் ஏறி, அங்கும் இங்கும் நகர்ந்து நல்லதோர் இடத்தைக் கண்டறிந்தார் அல்லவா? அலைகள் கூடும் இடத்தைத் தேடி மனிதர் நடந்தார். அவர் நிற்கும் இடத்தைத் தேடி அலைகள் கூடக்கூடாதா என்பதே விஞ்ஞானி கேட்ட கேள்வி.

கூடலாம், ஆனால், வழியை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இரணைமடுக் குளத்தின்கீழ் நெல் விளைவிப்போருக்கு இது புதிய செய்தியன்று. துருசைத் திறந்தவுடன் கடைமடை வயலுக்கு நீர் போய்ச் சேர்வதில்லை. அருகிலுள்ள வயலும் தொலைவிலுள்ள வயலும் ஒரே விடியற்காலையில் நீர் பெற வேண்டுமானால், தொலைவிலுள்ளதற்கு முன்னரும் அருகிலுள்ளதற்குப் பின்னரும் திறக்க வேண்டும். எந்த வாய்க்காலில் நீர் எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அறிந்தவரே இதைச் செய்வார். அதேபோல, உங்கள் தொலைபேசி இடையிடையே எல்லோருக்கும் தெரிந்த ஒரு சிறிய அடையாள ஒலியைக் கோபுரத்துக்கு அனுப்புகிறது. அது ஒவ்வோர் உணர்கொம்பிலும் எவ்வளவு பிந்தி, எவ்வளவு மெலிந்து வந்து சேர்ந்தது என்று கோபுரத்திலுள்ள கணிப்பொறி அளந்துகொள்கிறது. ஒரே மீடிறனில் அலை போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே. ஆதலால், பிந்தி வந்த உணர்கொம்பிலிருந்து முந்தி அனுப்பு, முந்தி வந்ததிலிருந்து பிந்தி அனுப்பு என்று கணக்கைத் தலைகீழாக்கினால், எல்லா அலைகளும் உங்கள் காதடியில் ஒரே கணத்திற் கூடும். அனுப்பும் முன்னரே அலையை இவ்வாறு திருத்தி அமைப்பதை முற்குறியாக்கம் என்று சொல்லலாம். ஆள் நகர நகர, இந்த அளவையும் திருத்தமும் ஒரு செக்கனுக்குள் பலமுறை புதுப்பிக்கப்படுகின்றன.

இதில் மற்றொரு வியப்பும் உண்டு. ஒருவர் நிற்கும் இடத்தில் அலைகளைக் கூட்டத் தெரிந்தவருக்கு, வேறொருவர் நிற்கும் இடத்தில் அதே அலைகளை ஒன்றையொன்று அழிக்கச் செய்யவும் தெரியும். அம்மையாருக்கான பேச்சு அவரிடத்திற் கூடி, பக்கத்து வளவில் இணையவழிப் பாடம் கேட்கும் மாணவியிடத்தில் இல்லாமற் போகலாம். மாணவிக்கான பாடம் அவளிடத்திற் கூடி, அம்மையாரிடத்தில் மறையலாம். இருவரும் ஒரே கணத்தில், ஒரே மீடிறனை, ஒருவருக்கொருவர் இடைஞ்சலின்றிப் பயன்படுத்துவர். வானிலே மீடிறன்களுக்குப் பெரும் பஞ்சம் நிலவும் இக்காலத்தில் இதைவிடப் பெரிய சிக்கனம் வேறில்லை.

இத்துறைக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் நம் தமிழகத்தவர் என்பதை மகிழ்ச்சியுடன் கூறலாம். கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள பொள்ளாச்சியில் 1944 ஆம் ஆண்டு பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இளம் வயதிலேயே இந்தியக் கடற்படையிற் சேர்ந்தவர். 1971 ஆம் ஆண்டுப் போரில் இந்தியக் கடற்படையின் குக்ரி என்னும் கப்பல் நீர்மூழ்கியினால் மூழ்கடிக்கப்பட்டது. கடலுக்கடியில் மறைந்திருக்கும் கலத்தைக் காதாற் கண்டறியும் கருவியைச் செம்மைப்படுத்தும் பணி அதன்பின் அவரிடம் வந்தது. அவர் தலைமையில் கொச்சியில் உருவாகிய ‘அப்சோ’ என்னும் கருவி இந்தியக் கப்பல்களில் இடம்பெற்றது. நீருக்கடியிற் பல ஒலிவாங்கிகளை அடுக்கி, ஒலி வரும் திசையைக் கணிப்பது அக்கருவியின் வேலை. பின்னர் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், அலை பல வழிகளாற் சிதறி வருவதைத் தொல்லையாகக் கருதாது, அதனையே பயனாக்கலாம் எனக் கண்டார். அனுப்பும் இடத்திலும் பெறும் இடத்திலும் பல உணர்கொம்புகளை வைத்தால், ஒரே மீடிறனிற் பல செய்திகளை ஒருங்கே அனுப்பலாம் என்ற கருத்தைப் பேராசிரியர் தோமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992 இற் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994 இல் அவ்வுரிமை கிடைத்தது. தொடக்கத்திற் பலர் நம்பவில்லை. இன்றோ உங்கள் வீட்டிலிருக்கும் கம்பியில்லா இணையப் பெட்டியிலும் கைத்தொலைபேசியிலும் அக்கருத்து உறைகிறது. 2014 இல் அவருக்கு மார்க்கோனிப் பரிசு வழங்கப்பட்டது.

நாலும் எட்டுமாக இருந்த உணர்கொம்புகள் நூறாகவும் அதற்கு மேலும் பெருகினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, 2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தோமஸ் மார்செற்றா விடை கூறினார். எண்ணிக்கை பெருகப் பெருக, தற்செயலான இரைச்சலும் மங்கலும் ஒன்றையொன்று சமப்படுத்தி அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. ஐந்தாந் தலைமுறைத் தொலைபேசிக் கோபுரங்களிற் காணப்படும் தட்டையான பலகைகள், உள்ளே உணர்கொம்புகளை வரிசை வரிசையாகக் கொண்டவை. இந்தக் கணக்கின் வழி வந்தவை அவை.

நேயர்களே, கதை இவ்விடத்தில் இனிதே முடிந்திருக்கலாம். ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு கதவு திறந்தால் அதற்கு அப்பால் வேறொரு பூட்டு தெரியும். அந்தப் பூட்டு இதுதான்.

பேசுவதற்கு மாத்திரமானால் மீடிறன்களின் ஒடுங்கிய கீற்று ஒன்று போதும். படமும் பாடமும் மருத்துவரின் ஆலோசனையும் ஒருங்கே வர வேண்டுமானால், அகன்ற மீடிறன் பட்டை தேவை. வாய்க்கால் அகலமானால்தான் நீர் நிறைய வரும். கீழ் மீடிறன்களில் அவ்வளவு அகலத்துக்கு இடமில்லை. எனவே 28 கிகாஹேர்ட்ஸ் போன்ற மிக உயர்ந்த மீடிறன்களை நாடுகிறார்கள். அங்கே அலையின் நீளம் ஒரு சென்ரிமீற்றரளவே. அந்த அலைகளும் நமக்கு முற்றிலும் புதியனவல்ல. 1895 ஆம் ஆண்டளவிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சில மில்லிமீற்றர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கி, எட்ட இருந்த மணியை அடிக்கச் செய்து காட்டினார். அலை சிறிதானால் உணர்கொம்பும் சிறிதாகும். 64 உணர்கொம்புகளை அரை அலை இடைவெளியில் நிரைப்படுத்தினாலும் முழு நீளம் 34 சென்ரிமீற்றர்தான். ஒரு முழத்துக்கும் குறைவு.

இனி, ஒவ்வோர் உணர்கொம்புக்கும் தனித்தனியே முழுமையான இலத்திரனியற் கருவித்தொகுதி வைத்தால் செலவும் மின்சாரமும் மிகும். ஆகையால், சில கருவித்தொகுதிகளை மட்டும் வைத்து, அவற்றிலிருந்து எல்லா உணர்கொம்புகளுக்கும் கிளை பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு மலிவான திருப்பியைப் பொருத்துகிறார்கள். அலை தன் சுற்றில் மேட்டில் நிற்கிறதா, பள்ளத்தில் நிற்கிறதா, இடையில் நிற்கிறதா என்னும் நிலைக்கு அவத்தை என்று பெயர். அந்தத் திருப்பி, அலையின் அவத்தையைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று மாற்றும். அது செய்வது அவ்வளவே.

அந்தத் திருப்பிக்கு ஒரு குறை உண்டு. சுவரிலுள்ள மணிக்கூடு நேரத்தைச் சொல்லும்; நாளைச் சொல்லாது. “22 நாளும் 6 மணித்தியாலமும் கழித்துப் புறப்படு” என்று சொல்ல வேண்டியதை, “முள் 6 மணித்தியாலம் நகர்ந்ததும் புறப்படு” என்று மட்டும் அந்த மணிக்கூட்டினாற் சொல்ல முடியும். திருப்பியும் அப்படியே. நாம் சொன்ன 64 உணர்கொம்பு வரிசையிலிருந்து 45 பாகை சாய்ந்த திசைக்கு 28 கிகாஹேர்ட்ஸ் அலையை அனுப்ப, வரிசையின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே ஏறத்தாழ 22¼ அலைகளின் வேறுபாடு வேண்டும். திருப்பி அந்த 22 ஐ விட்டுவிட்டு ¼ ஐ மட்டும் கொடுக்கிறது. ஒரே மீடிறன் மட்டும் இருந்தால் இதனாற் கெடுதி இல்லை. ஒவ்வோர் அலையும் முந்திய அலையைப் போன்றதே அன்றோ?

ஆனால், நம் பட்டை அகன்றது. அதன் ஓரங்களில் 27 கிகாஹேர்ட்ஸும் 29 கிகாஹேர்ட்ஸும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 27 க்கு வேண்டியது ஏறத்தாழ 21½ அலை. 29 க்கு ஏறத்தாழ 23 அலை. அதாவது, முழு எண்ணை விட்டுவிட்டால், ஒன்றுக்கு அரைச் சுற்று வேண்டும். மற்றதற்குச் சுற்று எதுவும் வேண்டியதில்லை. திருப்பியோ இரண்டுக்கும் ஒரே கால் சுற்றைக் கொடுத்துவிட்டது. விளைவு என்ன? ஒவ்வொரு மீடிறனும் சற்றே வேறு திசையிற் செல்லத் தொடங்குகிறது. நடுப்பகுதி 45 பாகையில் நேரே போக, ஓரங்கள் இரண்டும் இரு பக்கமும் ஏறக்குறைய இரண்டு பாகை விலகும். ஒரு கிலோமீற்றர் தொலைவில் இது 35 மீற்றர் விலகல். அவ்விடத்தில் அலைக்கதிரின் அகலமே ஏறத்தாழ 40 மீற்றர்தான்; நடுவிலிருந்து ஓரம்வரை 20 மீற்றர். ஆகவே நடுவில் நிற்பவருக்குச் செய்தியின் நடுப்பகுதி நன்றாகக் கேட்க, ஓரப் பகுதிகள் அவரைக் கடந்து பக்கத்து வளவுக்குப் போய்விடும். உணர்கொம்புகள் கூடக் கூட அலைக்கதிர் ஒடுங்கும். ஒடுங்க ஒடுங்க இந்த இழப்பும் கூடும். எதனைப் பெருக்கி நன்மை தேடினோமோ, அதுவே பட்டை அகன்றபோது இடையூறாயிற்று.

பழைய சிற்றலை நிலையத்தார் இத்தொல்லையை அறியாதது ஏன்? அவர்கள் 10 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் ஒலிபரப்பியபோது பயன்படுத்திய பட்டை 10 கிலோஹேர்ட்ஸ் அளவே. ஆயிரத்தில் ஒரு பங்கு அகலத்தில் திசை விலகல் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாது.

இதற்குப் பரிகாரம் யாது? அலைகளை எண்ணுவதை விட்டு, நேரத்தை எண்ணுவதே பரிகாரம். நாம் சொன்ன வரிசையில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே வேண்டிய பிந்துகை 0.8 நனோ செக்கன். அதாவது, ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கிலும் சற்றுக் குறைவு. 27 ஆனாலும் 29 ஆனாலும் அந்த நேரம் ஒன்றே. அந்நேரத்துள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கைதான் வேறு. எனவே அவத்தையைத் திருப்பாமல், செய்தியையே உண்மையாக 0.8 நனோ செக்கன் தாமதிக்கச் செய்தால், எல்லா மீடிறன்களும் ஒரே திசையிற் செல்லும். மணிக்கூட்டுக்குப் பதிலாக நாட்காட்டியும் கையில் வந்துவிட்டது போலாம்.

ஆனால் நேரத்தைத் தாமதிக்கும் கருவி, அவத்தைத் திருப்பியைவிட விலை கூடியது. இடமும் மின்சாரமும் கூடுதலாகக் கேட்பது. 64 உணர்கொம்புக்கும் 64 கருவி வைத்தால் சிக்கனம் போய்விடும். இவ்விடத்திற் பொறியியலார் ஒரு நடுவழியைக் கண்டனர். 64 ஐ எட்டு எட்டாக எட்டுக் குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு தாமதக் கருவியை வைத்து, குழுவுக்குள்ளே பழைய மலிவான திருப்பிகளையே விட்டுவிடுகிறார்கள். எட்டு உணர்கொம்புகள் கொண்ட சிறு குழுவின் அலைக்கதிர் இயல்பாகவே அகன்றதாதலால், இரண்டு பாகை விலகல் அதனை அதிகம் பாதிப்பதில்லை. குழுக்களுக்கிடையே உள்ள பெரிய வேறுபாட்டைத் தாமதக் கருவி சரிசெய்கிறது. பெரிய துருசில் நாளையும், சிறு வாய்க்காலில் மணித்தியாலத்தையும் கணக்கிட்டு நீர் விடும் முறை இது. இதனை மேலும் செம்மையாக்கும் ஆராய்ச்சி இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் நடைபெறுகிறது.

இனி, முத்தையன்கட்டுக் குளக்கட்டுக்குத் திரும்புவோம். இவையெல்லாம் அந்த அம்மையாருக்கு எவ்வாறு உதவும்?

இங்கே நாம் ஓர் உண்மையை மறைக்கலாகாது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 92,000. பரப்போ ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர். ஒரு சதுர கிலோமீற்றருக்கு 35 பேரளவில் வருகிறது. கொழும்பு மாவட்டத்தில் அதே கணக்கு 3,000 ஐத் தாண்டும். 28 கிகாஹேர்ட்ஸ் அலை சனம் நெருங்கிய நகரத்துக்கு ஏற்றது. அது சுவரைக் கடவாது. மரத்தின் இலைச்செறிவிலும் பெரிதும் மெலிந்துவிடும். வன்னிக் காட்டைக் கடந்து ஓர் ஒதுக்குப்புறக் குடிமனைக்கு அது தானாகப் போய்ச் சேராது. பெருநகருக்காக ஆக்கப்பட்ட கருவியை அப்படியே கொண்டுவந்து காட்டோரத்தில் நட்டால், காட்சிக்கு நவீனமாக இருக்கும், காதுக்குப் பயன்படாது.

ஆனால் அதன் தத்துவம் வன்னிக்கும் ஏற்றதே. 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற கீழ் மீடிறனில், எட்டுக்கு எட்டாக 64 உணர்கொம்புகளை அமைத்தால், பலகை ஏறக்குறைய 1.3 மீற்றர் சதுரமாகும். வீட்டுச் சன்னல் அளவென்று சொல்லலாம். கோபுரத்தின்மேல் காற்றைத் தாங்கி நிற்குமாறு அதனைப் பொருத்த வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அது, பல திசைகளிலும் வீணாகும் வலுவைச் சேர்த்து, தொலைவிலுள்ள ஒரு வீட்டை நோக்கி அனுப்பும். உயர்ந்த மீடிறனையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையிலும், கோபுரத்துக்கும் ஒரு பாடசாலைக் கூரைக்கும் இடையிலும் மரம் மறையாத நேர்வழி இருந்தால், அகன்ற பட்டை அங்கே பெரும் பயன் தரும். எங்கே எது பொருந்தும் என்பதை, நிலத்தையும் மரத்தையும் குளத்தையும் அறிந்தவர்களே அளந்து சொல்ல வேண்டும்.

அத்தகையவர்கள் நம்மிடையே உருவாகி வருகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. வளாகமாக வளர்ந்த வவுனியா, 2021 ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமாகத் திகழ்கிறது. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டுக்கு முன், தொலைபேசிக் கம்பியே இல்லாது நெடுங்காலம் கிடந்த மண்ணில் இன்று அலைகளின் கணக்கைப் போடக்கூடிய பிள்ளைகள் படிக்கிறார்கள். பாலைமரத்து இலை அலையை எவ்வளவு மெலிவிக்கும், மாரி காலத்துக் குளநீரும் கோடை காலத்து வறண்ட தரையும் அலையை எவ்வாறு வேறுபடத் தெறிக்கச் செய்யும் என்பவற்றை அவர்கள் இங்கேயே நின்று அளக்கலாம். வேறெவரும் வந்து நமக்காக அளந்து தரப்போவதில்லை.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. முல்லைத்தீவுக் கரையில் நின்றவர்களை அந்த இரண்டு மணி நேரத்துள் ஒரு சொல்லும் வந்து எட்டவில்லை. கடலலை வந்து சேர்ந்தது. வானலை வந்து சேரவில்லை. அன்று இழந்த உயிர்களை நினைக்கும்போது, ஒரு செய்தி உரிய வேளையில், உரிய இடத்தில், உரிய மனிதரின் காதில் விழுவது எத்துணை பெறுமதியுடையது என்பது விளங்கும். எச்சரிக்கை என்பதும் ஒரு குரலே. அதுவும் வீட்டுக்குள் இருப்பவருக்கு விட்டு விட்டுக் கேட்டால் போதாது.

அந்த அம்மையாருக்கு நான் அன்று சொல்லத் தவறிய விடையை இப்போது சொல்கிறேன். “அம்மா, கோபுரத்துக்குப் பலம் குறைவில்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியவில்லை. அதனை அறியும் வழியை மனிதர் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை உங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவருவது இனி விஞ்ஞானத்தின் வேலை மாத்திரமன்று. எங்கே முதலிற் பலகை ஏற வேண்டும் என்று தீர்மானிப்பவர்களின் வேலை. அதைக் கேட்டுப் பெற வேண்டிய நம் எல்லோருடைய வேலை.”

அவர் இருட்டுமுன் குளக்கட்டிலிருந்து இறங்கி, காட்டோரப் பாதையில் தனியே வீடு திரும்பினார். மகனின் குரலைக் கேட்க ஒரு தாய் யானை நடமாடும் வழியே மாலையில் நடக்க வேண்டியதில்லை என்னும் நாள் வரும்போது, இன்று நாம் பேசிய கணக்கெல்லாம் தன் பயனை அடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.